பூட்டு சிரித்த மாதங்கள்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதறேன். உன் நெஞ்செரிச்சல் இப்ப தேவலையா? ஊர்ல இருக்கிற மூளைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு, நேரத்துக்குச் சாப்பிடணும்னு மட்டும் மூளையில தோணாது. எனக்கு மணிக்கட்டு வலி அப்படியேதான் இருக்கு. தையல் மெஷினைக் கட்டிக்கிட்டவளுக்கு அது சீதனம்.

வழக்கம்போல தையல் கடையில உக்காந்துதான் எழுதறேன். நீயும் கடை விலாசத்துக்கே பதில் போடு. வீட்டுல நான் போனைத் தொட்டாலே உங்க அத்தான் எதிர்ல வந்து நின்னு, "யாரு? எதுக்கு?"ன்னு கேக்கறது உனக்குத் தெரியாததா. கடிதம்னு ஒன்னு நமக்குள்ள போய்வர்றதே அவருக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

ஆனா இன்னைக்கு ஒரு சேதி வெச்சிருக்கேன், உக்காந்து படி. உங்க அத்தான் சிரிச்சார்டா!

கிடங்குல அவருக்கு "பூட்டு"ன்னு பேர் வெச்சிருக்காங்கன்னு சொல்லியிருக்கேனே. சாவிக்கொத்தும் அவர்கிட்டதான், வாயும் திறக்காது. இத்தனை வருஷத்துல சாயந்தரம் வீட்டுக்கு வந்தா கதவுல ரெண்டே தட்டு. மூணாவது தட்டுக்கு முன்னாடி நான் திறந்திருக்கணும், இல்லைன்னா அன்னைக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது, அவருக்கும் எனக்கும். போன வாரம் கதவுல யாரோ தாளம் போடறாங்க. தக்கத் தக்கன்னு ஏத்தி இறக்கி, கல்யாண மேளம் மாதிரி. பக்கத்து வீட்டு வாண்டுங்கதான்னு திட்டிக்கிட்டே திறந்தா, இவர் நிக்கிறார். "அம்மணி, உள்ள வரலாமா, இல்லை வேற வீடு பார்த்துக்கவா?"ன்னு கேக்கிறார்.

குடிச்சிருக்காரோன்னு மோந்துகூடப் பார்த்தேன். இல்லை. டீயைக் கொடுத்தா, "உன் கை டீ நல்லா இருக்கும்"னார். ஏதோ தினமும் சொல்ற மாதிரி!

நாய் வாலை நிமிர்த்த முடியாதும்பாங்க. நிமிர்ந்துடுச்சுடா. கண்ணு பட்டுடப் போகுதுன்னு உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்.

உடம்பைப் பார்த்துக்கோ.
அக்கா

பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

நெஞ்செரிச்சல் பரவாயில்லை. உன் கடிதத்தைப் படிச்சதுல பாதி இறங்கிடுச்சு. அத்தான் "அம்மணி"ன்னாரா! என்னை அவர் இதுவரைக்கும் கூப்பிட்டதெல்லாம் "ம்". மணிக்கட்டுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறியா, இல்லை வழக்கம்போல நான் சொன்னது காத்தோட போச்சா?

இங்கே நான் படற பாடு பெரும்பாடு. எங்க துறைத் தலைவருக்கு நாங்க வெச்ச பேர் "அபூர்வம்". அபூர்வமான நோயாளி வந்தாத்தான் மனுஷன் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார். மத்ததெல்லாம் அவருக்கு வெறும் தலைவலி. இந்த வருஷமாவது நான் ஒரு நோயாளியைப் பத்தி ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியாகணும்னு கழுத்துல கத்தி வைக்கிறார்.

அதை விடு. அத்தானைப் பத்தி இன்னும் எழுது. எப்ப ஆரம்பிச்சது, என்னென்ன பேசறார், எல்லாம் ஒன்னு விடாம.

உன் தம்பி

மார்ச் 10

அன்புள்ள தம்பிக்கு,

சாப்பிட்டியா? முதல்ல சாப்பிட்டுட்டு இதைப் படி. என் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடி முன்னாடி நின்னா நானே என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிறேன், வெட்கமா இருக்கு இந்த வயசுல.

ஒன்னு விடாம எழுதுன்னியே, கேளு. நம்ம சிட்டுவுக்கு அவரே போன் போட்டார்! பிடிச்சவனைக் கட்டிக்கிட்டான்னு, பெத்த பொண்ணு முகத்துல கதவைச் சாத்தின மனுஷன். "என் தப்புதான், வந்துட்டுப் போம்மா"ன்னு தேம்பித் தேம்பி அழுதார். அவ குழந்தையோட வந்தா. இவர் தரையில மண்டி போட்டு அந்தக் குழந்தைக்குக் குதிரையா ஆயிட்டார். நானும் சிட்டுவும் சமையலறையில ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டு வாயைப் பொத்திக்கிட்டு நின்னோம்.

வெச்சா குடுமி, அடிச்சா மொட்டை. பேசாம இருந்தவர் இப்ப நிறுத்தறதே இல்லை. எதிர் வீட்டுல பெரியவர் தவறிட்டார், துக்கம் கேக்கப் போனோம். "இனிமே வீட்டுக்காரன் இவர்கிட்ட வாடகையை ஏத்த முடியாது"ன்னு சத்தமா சொல்லிட்டார். எனக்கு உயிரே போச்சு. இழுத்துக்கிட்டு வந்தேன்.

இன்னொன்னு. நான் மாடியில துணி எடுக்கப் போன நேரத்துல அடுப்புல பால் பொங்கி, வத்தி, கருகி, வீடெல்லாம் ஒரே நாத்தம். அவர் அடுப்புக்குப் பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்து பேப்பர் படிக்கிறார். "என்னங்க இது அநியாயம்!"னு கத்தினா, எட்டிப் பார்த்துட்டு, "பால் தவம் பண்ணுது, கலைக்காதே"ங்கிறார். பாத்திரத்தைத் தேய்ச்சுக்கிட்டே வயிறு வலிக்கச் சிரிச்சேன்டா. எத்தனை வருஷம் ஆச்சு நான் சத்தம் போட்டுச் சிரிச்சு.

அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதம் இன்னைக்குக் காலையிலதான் கிடைச்சுது, உடனே எழுதறேன்.

பால் கருகின நாத்தமே அவருக்குத் தெரியலையா? சும்மாதான் கேக்கிறேன். சோப்பையோ ஒரு பூவையோ மூக்குகிட்ட வெச்சுக் கேட்டுப் பாரு, கண்ணை மூடிக்கச் சொல்லிட்டு. தலைவலின்னு சொல்றாரா, காலையில எழுந்திருக்கும்போது? நடக்கறப்ப சுவர்ல, கதவு நிலையில இடிச்சுக்கிறாரா? கேக்கவே சங்கடமா இருக்கு, ராத்திரி படுக்கையில தெரியாம நனைச்சுடறாரா?

நல்லா கவனிச்சு எழுதுக்கா. உன்னை மாதிரி பார்த்துச் சொல்ல ஆளில்லை.

தம்பி

ஏப்ரல் 1

அன்புள்ள தம்பிக்கு,

நான் நல்லா இருக்கேன். "நலம்"னு ஒத்தை வார்த்தை எழுதறியே, என்ன அவ்வளவு வேலையா?

கடைக்கார அக்காகிட்டச் சொன்னேன், "என் தம்பிக்கு என் சந்தோஷத்தைக் கேட்டுக் கேட்டு அலுக்கவே மாட்டேங்குது"ன்னு. கூடப் பிறந்தவன்னா இப்படி இருக்கணும்னா.

சோப்பை வெச்சுப் பார்த்தேன். "இது காபிதானே?"ன்னார். பூவை வெச்சா, "இதுவும் காபி, ஆனா சர்க்கரை கம்மி"ங்கிறார். கேலி பண்றாரா, நிஜமாவே தெரியலையான்னு எனக்குப் புரியலை. தலைவலி உண்டு, விடிகாலையில நெத்தியைப் பிடிச்சுக்குவார். எல்லா மனுஷனுக்கும் வர்றதுதானே. இடது தோள்ல காயம், கிடங்கு வாசல்ல இடிச்சுக்கிட்டாராம். கடைசியா நீ கேட்டது, ஆமாம். ரெண்டு மூணு தரம். நானே அலசிப் போட்டுட்டேன், அவர்கிட்டக் காட்டிக்கலை. நீயும் யார்கிட்டயும் சொல்லாதே.

இதெல்லாம் என்ன பெரிய விஷயம். நேத்துக் கடையிலேர்ந்து என்னைக் கூட்டிட்டுப் போக அவரே வந்தார். தெருவுல எல்லாரும் பார்க்க என் கையைப் பிடிச்சுக்கிட்டார். வலிக்கிற மணிக்கட்டைப் பார்த்துப் பார்த்து மெதுவா. வீடு வர்ற வரைக்கும் விடலை. நான் இனிமே செத்தாலும் பரவாயில்லைன்னு தோணுச்சு, சொல்லிட்டேன் உன்கிட்ட.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

பதில் போட நாளாயிடுச்சு. எழுத உக்காருவேன், எழுந்துடுவேன்.

அத்தானைக் கூட்டிக்கிட்டு இங்கே வா. வயசுக்கு ஒரு முழுப் பரிசோதனை பண்ணிடலாம். தலையை ஒரு ஸ்கேன் எடுக்கணும். பயப்படாதே. தள்ளிப் போடவும் போடாதே. ரெண்டு பேருக்கும் டிக்கெட் இத்தோட வெச்சிருக்கேன்.

தம்பி

மே 9

தம்பிக்கு,

வீடு வந்து சேர்ந்தோம். வழி நெடுக அவர் எதிர் சீட்டுக்காரங்களுக்கு வேடிக்கை காட்டிக்கிட்டே வந்தார். "தலைக்குள்ள எலுமிச்சம்பழம் காய்ச்சிருக்கு, பறிக்கப் போறாங்க"ன்னு சொல்லிச் சிரிக்கிறார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா ஆயிடுச்சேடா. உன் அறையில அந்தப் படத்தைக் காட்டி, மூக்குக்கு மேல, நெத்திக்குப் பின்னால இத்தனை பெரிய கட்டின்னியே. நல்ல கட்டிதான், புற்று இல்லை, பல வருஷமா மெல்ல வளர்ந்திருக்குன்னு சொன்னே. அதுதான் மூளையை அழுத்துது, அதனாலதான் இந்தச் சிரிப்பும் பேச்சும்னு நீ சொன்னப்ப நான் தலையைத் தலையை ஆட்டினேன். ஒன்னும் மண்டையில ஏறலை. வீட்டுக்கு வந்து பாத்திரம் கழுவறப்பதான் ஏறுச்சு.

அப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டது யாருடா? சிட்டுகிட்ட மன்னிப்புக் கேட்டது? எல்லாம் அந்தக் கட்டியா?

ஒன்னே ஒன்னு கேக்கிறேன், அக்கான்னு நினைச்சுப் பதில் சொல்லு, டாக்டரா சொல்லாதே. அது நல்ல கட்டின்னா, இருந்துட்டுப் போகட்டுமே. யாருக்கு என்ன கெடுதல் பண்ணுச்சு? எத்தனை நாள் இருப்பாரோ அத்தனை நாள் நான் பார்த்துக்கிறேன். படுக்கையை நனைச்சா அலசிப் போடறேன். எனக்கு வாழ்க்கையில கிடைச்சதே இந்த மூணு நாலு மாசம்தான்.

அக்கா

மே 14

அன்புள்ள அக்கா,

அக்கான்னு நினைச்சுத்தான் எழுதறேன். விட்டா முதல்ல பார்வை போகும், ரெண்டு கண்ணும். அப்புறம் வலிப்பு வரும். இந்தச் சிரிப்பும் நிலைக்காது, போகப் போக உன்னையே யாருன்னு கேப்பார். ஒரு வருஷம், மிஞ்சிப் போனா ரெண்டு. அந்தச் சாவு நல்ல சாவா இருக்காது, நான் பார்த்திருக்கேன். எடுத்துட்டா இன்னும் இருபது வருஷம் இருப்பார். இந்த ஆபரேஷன்ல கை தேர்ந்தவர் எங்ககிட்ட இருக்கார்.

நீ கவலையே படாதே. கட்டியை எடுத்த கொஞ்ச நாள்லயே அத்தான் முன்ன எப்படி இருந்தாரோ அப்படியே ஆயிடுவார்.

தம்பி

மே 27

தம்பிக்கு,

கூட்டிட்டு வர்றேன். அவர் சம்மதிச்சுட்டார். கொலைகாரி ஆக எனக்குத் தைரியம் இல்லை.

உன் கடைசி வரியை, ஆறுதல்னு நினைச்சுத்தானே எழுதினே?

அக்கா

ஜூலை 18

தம்பிக்கு,

நாங்க நலம். தையல் பிரிச்ச இடம் ஆறிடுச்சு. தலைவலி இல்லை. ராத்திரி நனைக்கிறதில்லை. நீ கேக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன்.

கிடங்கு வேலைக்குத் திரும்பிட்டார். அங்கே பசங்க நடுவுல கொஞ்ச நாள் "திறந்த வீடு"ன்னு கூப்பிட்டாங்களாம். இப்ப திரும்பவும் பூட்டுதான். போன ஞாயித்துக்கிழமை சிட்டு குழந்தையோட வந்தா. குழந்தை ஓடிப் போய் அவர் முழங்காலைக் கட்டிக்கிச்சு, முதுகுல ஏற. "இதைப் பிடிச்சுக்கோ"ன்னு சிட்டுகிட்டச் சொன்னார். சிட்டு என்னைப் பார்த்தா. டீகூடக் குடிக்காம கிளம்பிட்டா. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைடா எனக்கு.

ஆஸ்பத்திரியில உன்கிட்ட வாய் திறக்காம வந்தேன், இப்ப கேக்கிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் நீ இல்லாத நேரத்துல ஒரு சின்ன டாக்டரம்மா வந்தா. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "பால் தவம் பண்ணுதுன்னு எழுதினது நீங்கதானா? எங்க டாக்டருங்க கூட்டத்துல எல்லாருக்கும் உங்க கடிதங்கள்தான் ரொம்பப் பிடிச்சுது"ன்னா. நல்ல பொண்ணு, மனசுல கல்மிஷம் இல்லாம சொன்னா. எனக்குப் பூமி பிளந்து உள்ள போயிடலாம்னு இருந்துச்சு.

எத்தனை பேர் உக்காந்து படிச்சீங்க? அலசிப் போட்டதையும் படிச்சீங்களா? கையைப் பிடிச்சுக்கிட்டதையும்? இன்னும் எழுது, ஒன்னு விடாம எழுதுன்னு கேட்டியே, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத மாதிரி. நானும் ஒரு பைத்தியம், என் தம்பிக்கு என் மேல இவ்வளவு பாசமான்னு பூரிச்சுப் போய் எழுதினேன். எப்ப தெரியும் உனக்கு? முதல் கடிதத்துலயேவா?

ஆபரேஷன் அன்னைக்கு அவரைத் தள்ளிக்கிட்டுப் போறப்ப, மொட்டைத் தலையோட என்னைக் கிட்டக் கூப்பிட்டார். என்ன சொன்னார் தெரியுமா? "இங்க பாரு, திரும்பி வர்றது அந்தப் பழைய பூட்டா இருந்தா, கதவைத் திறக்காதே." சொல்லிட்டுக் கண்ணடிச்சார். சுத்தி இருந்தவங்க எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

அக்கா

செப்டம்பர் 2

அன்புள்ள அக்கா,

நீ நல்லா இருக்கியான்னு கேக்க எனக்கு வாய் வரலை. மணிக்கட்டு எப்படி இருக்கு?

கேட்டதுக்குப் பதில் சொல்றேன். ரெண்டாவது கடிதத்துல, பால் கருகின இடத்துல தெரிஞ்சுக்கிட்டேன். நீ சந்தோஷமா இருக்கேன்னு எழுதின ஒவ்வொரு வரியும் எனக்கு நோயாத்தான் தெரிஞ்சுது. அப்படிப் படிக்கத்தான் என்னைப் பழக்கியிருக்காங்க. உடனே சொல்லியிருக்கலாம். உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நடந்தார்னு எழுதினியே, அந்தக் கடிதத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு வாரம் உக்காந்திருந்தேன். அந்தப் பக்கத்தை மட்டும் நான் யாருக்கும் காட்டலை. நம்பினா நம்பு.

மத்ததைக் காட்டினேன். "அபூர்வம்" நாற்காலியை விட்டு எழுந்து வந்து படிச்சார். நோய் வந்து சுபாவம் கெட்டுப் போனவங்களைப் பத்தித்தான் எல்லாரும் எழுதியிருக்காங்க. நல்லபடியா மாறினவர், குணமானதும் பழையபடி ஆனவர்னா ரொம்ப அரிது. கட்டுரையை மருத்துவப் பத்திரிகையில எடுத்துக்கிட்டாங்க அக்கா. இதை வெச்சு நாளைக்கு ஒரு டாக்டர் இன்னொருத்தரைச் சீக்கிரமாக் கண்டுபிடிப்பார். அதுவும் உண்மைதானே.

அதைப் போட அத்தானோட சம்மதக் கையெழுத்து வேணும். அதுக்காக ஆஸ்பத்திரியிலேர்ந்து கட்டுரை விவரத்தை வீட்டு விலாசத்துக்கே அனுப்புவாங்க, சாதாரணப் பேச்சுல, அவர் படிச்சுப் புரிஞ்சுக்கிற மாதிரி நானே எழுதியிருக்கேன். பேர் எதுவும் வராது. கடைசியில குடும்பத்தார் கருத்துன்னு நாலு வரி போடணும். அதை உன்னைத் தவிர யார் எழுதறது?

தம்பி

அக்டோபர் 11

தம்பிக்கு,

நலம்.

உன் ஆஸ்பத்திரிக் கவர் வந்துச்சு, அவரே பிரிச்சார். ஒரு வரி விடாம படிச்சார். சாவு வீட்டுல பேசினது, சிட்டுகிட்ட அழுதது, குழந்தைக்குக் குதிரை ஆனது, எல்லாம் படிக்கப் படிக்க முகம் கறுத்துப் போச்சு. "இந்தக் கூத்தெல்லாம் நானா அடிச்சேன்?"னு கேட்டார். ஞாபகம் இருக்காம், ஆனா வேற யாரோ பண்ணின மாதிரி இருக்காம். "வெட்கக்கேடு. நல்லவேளை, எடுத்துப் போட்டாங்க"ன்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு இருந்தது அந்த நாலு மாசம்தான். அதையும் வெட்கக்கேடுன்னுட்டார்.

அதோட போயிருந்தாலும் தாங்கியிருப்பேன். எந்த விவரம் எங்கேர்ந்து கிடைச்சதுன்னு நீங்க எழுதியே ஆகணும் போல இருக்கு. "நோயாளியின் மனைவி தம் சகோதரருக்கு எழுதி வந்த கடிதங்களிலிருந்து"ன்னு ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கே பாரு. அந்த இடத்துல விரலை வெச்சுக்கிட்டு நிமிர்ந்தார். "கடிதமா? இந்த வீட்டுக்கு ஒரு கடிதமும் வந்ததில்லையே. எந்த விலாசத்துக்கு வருது?"

பொய் சொல்லத் தெரியலை எனக்கு. சொல்லிட்டேன். கத்தலை அவர். கத்தியிருந்தாக்கூடத் தேவலை. இந்த வாரத்தோட கடைக்குப் போக வேண்டாம்னு மட்டும் சொன்னார். இன்னைக்கு என் கத்தரியை எடுத்துக்கிட்டுப் போக வந்தேன். கடைக்கார அக்கா அழறா. இதை அவளே தபால்ல போட்டுடுவா. இனிமே இந்த விலாசத்துக்கு எழுதாதே. வேற விலாசம் என்கிட்ட இல்லை.

எல்லாம் குணமாயிடுச்சு, வாசனை மட்டும் திரும்பி வரலைன்னு எழுதியிருக்கே. சரியாத்தான் எழுதியிருக்கே. நானே பரிசோதனை பண்ணிப் பார்த்தேன். முந்தாநாள் பாலை வேணும்னே அடுப்புல விட்டுட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் நின்னேன். கருகி நாறுது, அவர் பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிறார். என்னமோ ஒரு நப்பாசை. புகை கண்ணுல பட்டதும் எழுந்து அடுப்பை அணைச்சார். பாத்திரத்தைப் பார்த்தார். "புத்தி எங்கே போச்சு உனக்கு?"ன்னார். நான் தேய்ச்சு வெச்சேன்.

குடும்பத்தார் கருத்து கேட்டியே. இப்படிப் போட்டுக்கோ: "எங்க வீட்டுக்காரர் பிழைச்சுக்கிட்டார். டாக்டர்களுக்கு நன்றி." இதுக்கு மேல நான் எழுதினா உன் கட்டுரைக்கு நல்லா இருக்காது. உன் மேல கோபம் எதுவும் இல்லை, அதுக்கெல்லாம் தெம்பு இல்லைடா. நேரத்துக்குச் சாப்பிடு.

இருட்டறதுக்குள்ள வீட்டுக்குப் போயிடணும், அவர் வந்துடுவார். கதவைத் திறக்காதேன்னு ஒருத்தர் சொல்லிட்டுப் போனாரே, அதனால தினமும் தாழ்ப்பாள்ல கையை வெச்சுக்கிட்டுக் கொஞ்சம் நின்னு கேக்கிறேன், தாளம் வருதான்னு.

ரெண்டே தட்டுதான். மூணாவதுக்கு முன்னாடி திறந்துடறேன்.

அக்கா